"எஞ்சின் நின்னா என்ன ஆகும் மாமா?": விமானக் கோளாறுகள் பற்றி மொரீஷியஸில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருச்சிக்காரன். விமானப் பராமரிப்பு வேலை. கல்யாணமாகி மொரீஷியஸுக்கு வந்து, மாஹெபூரில் வீடு பார்த்து, பிளெசான்ஸ் விமான நிலையத்தில் பல வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவன். தைப்பூசக் காவடிக்குப் போனாலும், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், யாராவது பக்கத்தில் வந்து "ஒரு சந்தேகம்..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். உலகத்தில் எங்காவது விமானம் விழுந்த வாரமென்றால் கேட்கவே வேண்டாம், சாம்பார் ஆறிப்போகும். வாயால் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். விமானியின் தவறு, வானிலை, குண்டு எல்லாம் வேறு கதை. இங்கே பேசப்போவது இயந்திரக் கோளாறு மட்டும்.

எஞ்சின் நின்றுபோனால் விமானம் கல் மாதிரி விழுந்துவிடுமா?

விழாது. எல்லா எஞ்சினும் நின்றாலும் விழாது, சறுக்கிக்கொண்டு இறங்கும். பத்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் பெரிய விமானம் நூற்று ஐம்பது கிலோமீட்டர் தூரம்கூட அப்படிப் போகக்கூடியது. விமானத்தைத் தூக்கி நிறுத்துவது இறக்கை. எஞ்சின் முன்னால் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

2001 ஆகஸ்ட் 24-ஆம் தேதி டொரண்டோவிலிருந்து லிஸ்பன் போன ஏர் டிரான்சாட் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்பஸ் ஏ330, உள்ளே 306 பேர். சில நாட்களுக்கு முன்புதான் வலது எஞ்சினை மாற்றியிருந்தார்கள். அந்த வேலையில் ஒன்றோடொன்று பொருந்தாத மாடல் பாகங்களைச் சேர்த்து மாட்டியதில், ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய் ஒன்று எரிபொருள் குழாயில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. நடுக்கடலில் குழாய் பிளந்தது. எரிபொருள் ஒரு பக்கம் மட்டும் குறைவதைப் பார்த்த விமானிகள் மீட்டர்தான் தப்பு என்று நினைத்து, மறுபக்கத்து எரிபொருளையும் ஓட்டைக் குழாய்க்கே திறந்துவிட்டார்கள். இரண்டு எஞ்சினும் நின்றன. அப்புறம் 19 நிமிடம், சுமார் 120 கிலோமீட்டர், சத்தமே இல்லாமல் சறுக்கி அசோர்ஸ் தீவில் இறக்கினார்கள். ஒருவரும் சாகவில்லை.

இரண்டே எஞ்சினோடு ஆஸ்திரேலியாவின் பெர்த் வரைக்கும் வெறும் கடல்மேல் போகிறார்களே, அந்தத் தைரியம் எப்படி?

தைரியம் இல்லை, கணக்கு. இரட்டை எஞ்சின் விமானத்துக்கு ஒரு காலத்தில் 60 நிமிட வரம்பு இருந்தது. ஒரு எஞ்சின் நின்றால், மீதி ஒன்றோடு ஒரு மணி நேரத்துக்குள் எட்டுகிற விமான நிலையம் வழியெங்கும் இருக்க வேண்டும். எஞ்சின்களின் நம்பகத்தன்மை கூடக்கூட அது 120, 180 நிமிடம் என்று நீண்டது. ஏ350 மாதிரி விமானத்துக்கு 370 நிமிடம்வரை சான்று உண்டு. நம்மைப் போலத் தீவில் இருப்பவர்களுக்கு இந்த விதிதான் வாசற்கதவு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இப்படிக் கடல் தாண்டும் விமானத்தில், ஒரே ஆள் ஒரே சமயத்தில் இரண்டு எஞ்சினிலும் ஒரே வேலையைச் செய்யக் கூடாது. இடது பக்கம் நான் ஆயில் வடிகட்டி மாற்றினால் வலது பக்கம் வேறொருவர் மாற்ற வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று முணுமுணுப்பார்கள். ஆனால் 1983 மே 5-ஆம் தேதி மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவு நகருக்குக் கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தில் மூன்று எஞ்சினும் ஆயில் இழந்தன. காரணம் என்ன தெரியுமா? ஆயிலில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன அடைப்பானை மூன்று எஞ்சினிலும் மாற்றியபோது, அதில் போட வேண்டிய ஓ-ரிங், நம் பிரஷர் குக்கர் கேஸ்கட் மாதிரியான ரப்பர் வளையம், மூன்றிலுமே இல்லை. முதலில் நிறுத்திவைத்த எஞ்சினைக் கடைசி நேரத்தில் மறுபடி கிளப்பி, தட்டுத் தடுமாறி மயாமிக்கே திரும்பிவிட்டார்கள். எஞ்சின் மூன்று இருந்து என்ன பயன்? மறதி ஒன்றாக இருந்தால் மூன்றும் ஒன்றுதான்.

அப்படியானால் எந்தக் கோளாறுதான் விமானத்தை வீழ்த்தும்?

திருப்ப முடியாமல் போவது. எஞ்சின் இல்லாமல் இறங்கலாம், ஆனால் வாலும் இறக்கைத் தட்டுகளும் சொன்னபடி கேட்காவிட்டால் இறங்குவது ரொம்பக் கஷ்டம். பெரிய விமானத்தில் அவற்றை அசைப்பது ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம். அதனால்தான் ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று மூன்று நான்கு தனித்தனி ஹைட்ராலிக் அமைப்பு வைப்பார்கள். எல்லாக் குழாயும் ஒரே இடத்தில் ஒன்றாகப் போனால், அந்த இடம் அடிபடும்போது நான்கும் சேர்ந்தே போகும் என்பது பிறகுதான் உறைத்தது.

1985 ஆகஸ்ட் 12, ஜப்பான் ஏர்லைன்ஸ் 123. போயிங் 747. அதற்கு ஏழு வருடம் முன்னால் ஒசாகாவில் இறங்கும்போது வால் தரையில் தேய்ந்திருந்தது. பயணிகள் அறையின் காற்றழுத்தத்தை வால்பக்கம் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவரைப் பழுதுபார்த்தார்கள். இரண்டு வரிசை ரிவெட் ஆணிகள் சுமை தாங்கவேண்டிய இடத்தில், ஒட்டுத்தகட்டை இரண்டாக வெட்டிப் போட்டதால் ஒரு வரிசை மட்டுமே சுமையைத் தாங்கியது. வெளியே பார்த்தால் தெரியாது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முறை அந்த விமானம் ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறையும் சுவர் கொஞ்சம் உப்பும், கொஞ்சம் அடங்கும். அன்று மாலை பிளந்துகொண்டது. பீறிட்ட காற்று செங்குத்து வாலைப் பிய்த்து எறிந்தது, நான்கு ஹைட்ராலிக்கும் வடிந்துபோனது. விமானிகள் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே சுமார் 32 நிமிடம் காற்றில் நின்றார்கள். 520 பேர் இறந்தார்கள், நான்கு பேர் பிழைத்தார்கள். ஒரே ஒரு விமானத்தில் இவ்வளவு பேர் இறந்தது இன்றுவரை அதில்தான்.

2002 மே 25-ஆம் தேதி சைனா ஏர்லைன்ஸ் 611 நடுவானில் உடைந்து 225 பேர் போனார்கள். 1980-இல் வால் தேய்ந்ததற்கு முறையில்லாமல் ஒட்டிய ஒட்டு, 22 வருடம் கழித்துப் பிளந்துகொண்டது. இந்த இரண்டையும் படித்த பிறகு, "தற்காலிகமா ஒட்டிக்கலாம்" என்று யாராவது சொன்னாலே எனக்கு வயிறு கலங்கும்.

அமெரிக்காவில் 1989 ஜூலை 19, யுனைடெட் 232. வாலில் இருந்த எஞ்சினின் டைட்டானியம் விசிறித் தட்டு சிதறி, மூன்று ஹைட்ராலிக்கும் போயின. தட்டுக்கான உலோகத்தை உருக்கும்போதே உள்ளே ஒரு சின்னக் குறை உட்கார்ந்துவிட்டது. விரிசல் அங்கிருந்துதான் வளர்ந்தது. பயணியாக வந்திருந்த ஒரு பயிற்சி விமானி முன்னால் போய் எஞ்சின் நெம்புகோல்களைப் பிடித்துக்கொண்டார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். பள்ளிக்கூடக் கணக்கில் பார்த்தால் அந்த விமானத்தில் ஒருவருமே பிழைத்திருக்க முடியாது.

கிரீஸ் போடாததால் விமானம் விழுந்தது என்கிறார்களே, கதைதானே?

நிஜம். 2000 ஜனவரி 31, அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261, 88 பேர், எல்லோரும் இறந்தார்கள். வாலின் கிடைமட்ட இறக்கையை ஏற்றி இறக்கும் நீண்ட திருகுத் தண்டு ஒன்று உண்டு. அதைப் பிடித்திருக்கும் நட்டின் உள்மரை தேய்ந்து தேய்ந்து முழுசாக வழித்துக்கொண்டு போய்விட்டது. காரணம், போதிய கிரீஸ் இல்லை. கிரீஸ் போடும் இடைவெளியையும், தேய்மானம் பார்க்கும் இடைவெளியையும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முறை நீட்டியபோதும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் இன்னும் நீட்டினார்கள்.

ஒரு போல்ட் மாறினால் அப்படி என்ன ஆகிவிடும்?

1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. பர்மிங்ஹாமில் அதற்கு 27 மணி நேரம் முன்பு, இரவு ஷிப்டில் விமானியின் முன்கண்ணாடியை மாற்றினார் மேற்பார்வையாளர் ஒருவர். பழைய போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வெளிச்சம் குறைந்த பாகங்கள் அறைக்குப் போய், கண்ணால் ஒப்பிட்டுப் புதியதைப் பொறுக்கினார். 90 போல்ட்டில் 84-இன் விட்டம் குறைவு. எவ்வளவு குறைவு? முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. விமானம் 17,000 அடிக்கு மேல் ஏறியதும் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. தலைமை விமானி இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். உள்ளிருந்த ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டே நிற்க, துணை விமானி இறக்கினார். தலைமை விமானியும் பிழைத்தார், மற்ற எல்லோரும் பிழைத்தார்கள்.

அந்த மேற்பார்வையாளரைத் திட்ட எனக்கு வாய் வராது. விடியற்காலை மூன்று மணிக்கு டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, மழையில் நனைந்த கையால் போல்ட் பொறுக்கியவனுக்குத் தெரியும். எங்கள் டூல் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே நுரையில் குழி வெட்டியிருக்கும். வேலை முடிந்ததும் குழி காலியாக இருந்தால் விமானம் நகராது. ஒருமுறை 10 மில்லிமீட்டர் சாக்கெட் ஒன்றைக் காணோம். பெயர் வேண்டாம், பெரிய கம்பெனி விமானம்தான். பயணிகள் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள், மேலாளர் போனில் கத்தினார். கடைசியில் என் கூட்டாளியின் மழைக்கோட்டு மடிப்பில் கிடந்தது. கிடைத்த பிறகு அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

உலோகமும் களைத்துப் போகுமா?

ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். பத்தாவது இருபதாவது தடவை ஒடியும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறும்போது உடல் லேசாக உப்பும், இறங்கும்போது சுருங்கும். அதுவும் வளைத்தல்தான்.

இதை உலகத்துக்குப் புரியவைத்தது காமெட் என்ற முதல் ஜெட் பயணி விமானம். 1954 ஜனவரியில் ஒன்று இத்தாலிக் கடலில் உடைந்து விழுந்தது. ஏப்ரல் 8-ஆம் தேதி, சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் பெயரில் ஜோகன்னஸ்பர்க் நோக்கிப் பறந்த இன்னொன்று நேப்பிள்ஸ் பக்கம் விழுந்தது. இங்கிலாந்தில் ஒரு முழு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். உடல் ஒரு மூலையில் கிழிந்தது. களைப்புதான் காரணம் என்று உறுதியானது.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஹவாயில். 1988 ஏப்ரல் 28, அலோஹா 243. தீவுக்குத் தீவு தாவும் போயிங் 737, 89,680 முறை பறந்தது. குறுந்தூரம் என்பதால் தடவை எண்ணிக்கை சீக்கிரம் ஏறும். கூடவே உப்புக் காற்று. தகடுகளின் இணைப்பில் ஒட்டு விட்டு, அரிப்பு ஏறி, ரிவெட் துளைகளைச் சுற்றி முடி மாதிரி விரிசல்கள். நடுவானில் கூரை ஐந்து மீட்டருக்கு மேல் திறந்துகொண்டது. பணிப்பெண் ஒருவர் தூக்கி எறியப்பட்டு இறந்தார், மற்றவர்கள் தரையிறங்கினார்கள். பக்கத்துத் தீவுகளான ரொட்ரிக்குக்கும் ரீயூனியனுக்கும் போய்வரும் சின்ன விமானங்களைக் கழுவும்போது எனக்கு அலோஹா ஞாபகம் வரும். மாஹெபூரில் வாங்கி இரண்டு வருடத்தில் என் வீட்டு இரும்புக் கேட் என்ன ஆனது என்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பழைய விமானம் என்றால் ஆபத்தா?

வயதைவிட, எத்தனை தடவை ஏறி இறங்கியது, யார் கவனித்தார்கள் என்பதே பெரிது. உள்ளே சீட் கிழிந்திருப்பதை வைத்து எடை போடாதீர்கள்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தானே, அது தப்புச் செய்தால்?

கம்ப்யூட்டர் பெரும்பாலும் சொன்னதைச் சரியாகச் செய்யும். அதற்குப் பொய் சொல்வது வெளியே ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன சென்சார்கள். 2018 அக்டோபர் 29-இல் லயன் ஏர் 610, 2019 மார்ச் 10-இல் எத்தியோப்பியன் 302. இரண்டும் 737 மேக்ஸ், மொத்தம் 346 பேர். எதிரே வரும் காற்றோடு ஒப்பிட்டால் விமானத்தின் மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று காட்டும் ஒரே ஒரு சென்சாரின் பேச்சை நம்பி, மென்பொருள் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தியது. லயன் ஏர் விமானத்தில் புதிதாக மாட்டிய சென்சார் 21 டிகிரி தப்பாக அளவீடு செய்யப்பட்டிருந்தது. முந்தைய நாள் இரவும் அதே விமானம் அதே சண்டை போட்டது. அன்று விமானிகளோடு கூடவே உட்கார்ந்து வந்த இன்னொரு விமானி உதவியதால் தப்பித்தார்கள். ஒரு சென்சாரை மட்டும் நம்பும்படி வடிவமைத்ததை நான் மன்னிக்க மாட்டேன். வேறு எல்லாவற்றையும் இரண்டு மூன்றாக வைக்கும் தொழில் இது.

வேகம் காட்டும் பிட்டோ குழாய் இன்னொரு பலவீனம். விரல் பருமன்தான் இருக்கும். 2009 ஜூன் 1-இல் ஏர் பிரான்ஸ் 447-இல் அதில் பனி அடைத்தது, ஒரு நிமிடத்துக்குள் சரியாகியும்விட்டது. அதற்குள் விமானிகள் குழம்பிவிட்டார்கள், 228 பேர் இறந்தார்கள். 1996-இல் டொமினிகன் குடியரசில் கிளம்பிய பிர்கன்ஏர் விமானத்தில் அநேகமாகக் குளவி கூடு கட்டியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். விமானம் பல நாள் உறை போடாமல் நின்றிருந்தது. 189 பேர். அதே வருடம் பெருவில், விமானத்தைக் கழுவியவர்கள் காற்றழுத்தத் துளைகள்மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்தார்கள். 70 பேர். சைக்லோன் முடிந்து விமானங்களை மறுபடி வரிசைப்படுத்தும்போது, சிவப்புப் பட்டை தொங்கும் உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எண்ணி வைப்பதில் நான் ஏன் பிசாசாக நிற்கிறேன் என்று இளம் பையன்கள் கேட்பார்கள். இதுதான் காரணம்.

பெட்ரோல் தீர்ந்து விமானம் விழுமா? மீட்டர் இருக்குமே!

2005 ஆகஸ்ட் 6, இத்தாலியிலிருந்து துனிசியா போன ஏடிஆர் 72. முந்தைய நாள் மாற்றிய எரிபொருள் மீட்டர், அதன் தம்பியான ஏடிஆர் 42-க்கு உரியது. பார்வைக்கு ஒரே மாதிரி, பொருந்தவும் செய்தது. தொட்டி ஏறக்குறைய காலி, மீட்டரோ போதுமான அளவு இருக்கிறது என்று காட்டியது. சிசிலி பக்கம் கடலில் இறக்கினார்கள். 39 பேரில் 16 பேர் இறந்தார்கள். தப்பான பாகம் தப்பான இடத்தில் மாட்டவே வரக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பழைய கனவு, இன்னும் முழுசாக நிறைவேறவில்லை.

ஹெல்டர்பெர்க் விபத்தும் இயந்திரக் கோளாறுதானா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பது தாண்டிய மொரீஷியஸ்காரர்கள். 1987 நவம்பர் 28 விடியற்காலை, தைபேயிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் வழியில் பிளெசான்ஸில் இறங்க வந்துகொண்டிருந்த சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் 747 அது. நம் தீவுக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வடகிழக்கில் கடலில் விழுந்தது. 159 பேர்.

அது முன்பாதியில் பயணிகளும் பின்பாதியில் சரக்குமாகப் போகும் 'கோம்பி' வகை. சரக்குப் பகுதியில் தீப்பிடித்தது. என்ன சரக்கு தீப்பிடித்தது என்று விசாரணை ஆணையத்தால் உறுதி செய்ய முடியவில்லை. அதனால் இன்றும் வதந்தி ஓயவில்லை, அதற்குள் நான் போகமாட்டேன். எனக்கு முக்கியம் வேறு. தீப்பிடித்தால் ஊழியர் ஒருவர் கதவைத் திறந்து உள்ளே போய்க் கையில் பிடிக்கும் அணைப்பானால் அணைப்பார் என்று அந்த வடிவமைப்பு எதிர்பார்த்தது. அடுக்கிவைத்த சரக்குக்கு நடுவே, புகையில், அது நடக்கிற காரியமா? எதுவும் உடையவில்லை, தேயவில்லை, ஆனாலும் காகிதத்திலேயே ஒரு கோளாறு இருந்தது. பிறகு கோம்பி விமானங்களின் தீத்தடுப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள். 4,000 மீட்டருக்கும் ஆழமான கடலடியில் கிடந்த குரல்பதிவுக் கருவியை 1989 ஜனவரியில் எடுத்தது, அந்தக் காலத்தில் பெரிய சாதனை.

"டெக்னிகல்" என்று சொல்லித் தாமதிக்கிறார்களே, ஓட்டை விமானத்தையா அனுப்புகிறார்கள்?

ஒவ்வொரு ரக விமானத்துக்கும் ஒரு பட்டியல் உண்டு. எது கெட்டிருந்தால் பறக்கலாம், எத்தனை நாளைக்குள் சரிசெய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். காபி மெஷின் போனால் பறக்கலாம். பட்டியலில் இல்லாதது போனால் நிற்க வேண்டியதுதான். தாமதம் எரிச்சல்தான், எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் கீழே நாங்கள் மேனுவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம்.

குலுங்கும்போது இறக்கை ஒடியாதா? மின்னல் அடித்தால்?

பறப்பில் வரக்கூடிய உச்சச் சுமையைவிட ஒன்றரை மடங்கு தாங்கும்படி இறக்கையைச் செய்திருப்பார்கள். ஆடுவது நல்லது, ஆடாமல் விறைத்து நின்றால்தான் கவலை. மின்னல் பெரும்பாலும் உடலின் வெளிப்புறமாக ஓடிப் போய்விடும். மறுநாள் நாங்கள் சின்னக் கருகல் புள்ளிகளைத் தேடிக்கொண்டு சுற்றுவோம். பெல்ட் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் ஒரு பாராசூட் கொடுத்தால் என்ன?

பத்து கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் ஐம்பது டிகிரிக் குளிரில், முந்நூறு பேரை வரிசையில் நிற்கவைத்து? அன்னதான வரிசையையே நம்மால் ஒழுங்காக நிறுத்த முடியவில்லை.

ரீயூனியனில் கிடைத்த துண்டிலிருந்து எம்எச்370 ஏன் விழுந்தது என்று தெரிந்ததா?

2015 ஜூலை 29-ஆம் தேதி, தமிழ்க் கோயில்கள் நிறைந்த சென்-ஆன்ட்ரே ஊர்க் கடற்கரையில் ஒதுங்கியது அது. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாபரான் என்ற அசையும் தட்டு, இரண்டு மீட்டர் நீளம், மேலெல்லாம் சிப்பி ஒட்டியிருந்தது. உள்ளிருந்த எண்களை வைத்து, 2014 மார்ச் 8-இல் 239 பேரோடு மறைந்த அந்த மலேசிய விமானத்தினுடையது என்று உறுதி செய்தார்கள். அது இந்தியப் பெருங்கடலில்தான் முடிந்தது என்று அந்தத் துண்டு சொன்னது, ஏன் என்று சொல்லவில்லை. மலேசிய அறிக்கையும் காரணத்தை முடிவு செய்யவில்லை. ஆகவே அதை இயந்திரக் கோளாறு என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், குறிப்பாக எனக்கு.

ஜன்னல் வழியே ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் சொல்லலாமா? சிரிப்பார்களே?

சொல்லுங்கள். அலோஹா விமானத்தில் ஏறும்போதே ஒரு பெண் பயணி கதவுக்குப் பக்கத்தில் உடலில் விரிசல் ஒன்றைப் பார்த்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகுதான் சொன்னார்.

சில வருடம் முன்பு ரொட்ரிக் விமானத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி வரிசையை விட்டு விலகி என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். "தம்பி, அங்க ஒழுகுது பாருப்பா." பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். போய்க் குனிந்து விரலில் தொட்டு, மோந்து பார்த்தேன். ஏசித் தண்ணீர். "வெறும் தண்ணிதான் பாட்டி" என்றேன். அவர் தானும் குனிந்து, ஒரு சொட்டு விழும்வரை காத்திருந்து, உள்ளங்கையில் வாங்கி மோந்து பார்த்துவிட்டுத்தான் படியேறினார்.